டெஸ்க்டாப்புக்குப் பதில் விஆர் ஹெட்செட்: புளியரைத் தம்பிக்கு ஒரு பதில்

புளியரையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணாச்சி, எட்டு வருசமா ஓடுன டெஸ்க்டாப்ல மதர்போர்டு போயிட்டு. வீட்டுல ஒரே ரூம்தான், மேசை போட இடமில்ல. திரும்ப கம்ப்யூட்டர், மானிட்டர்னு வாங்குறதுக்கு ஒரு விஆர் ஹெட்செட், அதான் கண்ணை மூடித் தலையில மாட்டுற திரை, வாங்கிட்டா போதும், சுவர் பூரா ஸ்கிரீன் வரும்னு வீடியோல சொல்லுதாங்க. டேலில கணக்கு, தமிழ் மலையாளம் டைப்பிங், கொஞ்சம் வெப் டிசைன், இதுதான் என் வேலை. கையில ஐம்பதாயிரம் இருக்கு. வாங்கலாமா?"

வாங்காதீர்கள் தம்பி. ஏன் என்று கேட்டால் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் நீங்கள் கேட்டதை நானே ஐந்து மாதம் செய்து பார்த்தேன்.

செங்கோட்டையில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். 1956 நவம்பர் வரை மலைக்கு அந்தப் பக்கத்து திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சியில் இருந்த ஊர் இது. அதனால் தமிழ் வேலையோடு புனலூர், தென்மலைப் பக்கத்து மலையாள வேலையும் வரும். தங்கை மாப்பிள்ளை துபாயிலிருந்து வந்தபோது என் பையன் விளையாட ஒரு ஹெட்செட் வாங்கி வந்தார். பையன் இரண்டு வாரத்தில் அதை அலமாரியில் போட்டுவிட்டு கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். சும்மா கிடக்கிறதே என்று நான் எடுத்துத் தலையில் மாட்டினேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஹெட்செட்டுக்குள்ளும் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது, அது உண்மை. ஆனால் மெட்டா குவெஸ்ட் போன்றவற்றில் ஓடுவது ஆண்ட்ராய்டு வழிவந்த ஒன்று, அதாவது உங்கள் போனுக்குச் சித்தப்பா மகன். பிரவுசர் திறக்கலாம், மெயில் பார்க்கலாம், ஆன்லைனில் ஒரு ஷீட்டைத் திருத்தலாம். டேலி அதில் நேராக ஓடாது. பேஜ் லேஅவுட் செய்கிற விண்டோஸ் மென்பொருள் எதுவும் ஓடாது. 3,499 டாலருக்கு 2024 பிப்ரவரியில் வந்த ஆப்பிள் விஷன் புரோ ஹெட்செட்டில் அவர்கள் லேப்டாப்பில் வைத்த அதே எம்2 சிப் இருந்தும், மேக் கம்ப்யூட்டரின் மென்பொருளை அதில் அப்படியே போட முடியாது. பக்கத்தில் ஒரு மேக் இருந்தால் அதன் திரையைக் காற்றில் விரித்துக் காட்டும், அவ்வளவுதான்.

ஆக, வீடியோவில் அவர்கள் காட்டுகிற அந்த மூன்று பெரிய திரைகளுக்குப் பின்னால், கேமராவில் படாத இடத்தில், ஒரு சிபியுவோ லேப்டாப்போ ஓடிக்கொண்டுதான் இருக்கும். வர்ச்சுவல் டெஸ்க்டாப், இம்மர்ஸ்டு போன்ற செயலிகள் அந்தத் திரையை வைஃபை வழியாகக் கண்ணுக்குக் கொண்டு வருகின்றன. மைக்ரோசாஃப்டும் 2024 கடைசியில் குவெஸ்டுக்கு இதே மாதிரி ஓர் இணைப்பைக் கொடுத்தது. எது எப்படியோ, ஹெட்செட் வாங்கினால் உங்களுக்கு மிச்சமாவது மானிட்டர் மட்டும். செத்துப்போன மதர்போர்டுக்கு அது மருந்து ஆகாது.

சரி, மானிட்டருக்குப் பதிலாகவாவது நல்லதா? இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்.

கணக்கு எளிதுதான். 24 அங்குல மானிட்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அகலம் 53 சென்டிமீட்டர். அதை 60 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்து பார்த்தால் நம் பார்வையில் சுமார் 48 டிகிரி அகலத்தை அடைக்கும். அதற்குள் 1,920 பிக்சல்கள், அதாவது படத்தை உண்டாக்குகிற ஒளிப்புள்ளிகள். டிகிரிக்கு 40 என்று வைத்துக்கொள்ளலாம். நல்ல பார்வை உள்ளவருக்கு டிகிரிக்கு 60 வரை பிரித்துப் பார்க்க முடியும், அதனால் 40 என்பதே சுமார்தான். ஆனால் வேலைக்குப் போதும், நாமெல்லாம் அதில்தானே பிழைக்கிறோம். இப்போது குவெஸ்ட் 3. ஒரு கண்ணுக்கு 2,064க்கு 2,208 பிக்சல். கேட்கும்போது மானிட்டரைவிட அதிகமாகத் தெரியும். ஆனால் அத்தனையும் மானிட்டரைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு அகலத்துக்குப் பரவிக் கிடக்கிறது. மெட்டா சொல்கிற கணக்குப்படியே கிடைப்பது டிகிரிக்கு சுமார் 25. அதே 24 அங்குல மானிட்டரை அதே அளவில் உள்ளே நிறுத்தினால் அதற்கு 1,200 பிக்சல்தான் வாய்க்கும். 1,920ஐயும் முழுதாகப் பார்க்க வேண்டுமென்றால் திரையை 77 டிகிரிக்கு இழுத்துப் பெரிதாக்க வேண்டும். பெரிதாக்கினால் வரியின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் கழுத்தைத் திருப்ப வேண்டும், தேரோட்டம் பார்ப்பது போல. "சுவர் பூரா ஸ்கிரீன்" என்று சொல்கிறார்களே, அது வசதிக்காக மட்டும் வைத்தது அல்ல. எழுத்து தெரிவதற்கு வேறு வழி இல்லாததாலும்தான்.

ஆங்கிலம் மட்டும் தட்டுகிறவர்கள் இதைச் சமாளித்துவிடுவார்கள். நம் எழுத்துக்குத்தான் கஷ்டம். சாதாரண அளவில் திறந்த ஒரு தமிழ்ப் பக்கத்தில் மெய்யெழுத்தின் புள்ளி, மானிட்டரிலேயே இரண்டு பிக்சல் அகலம்தான் இருக்கும். ஹெட்செட்டுக்குள் அது ஒன்றே கால் பிக்சலாகக் குறுகுகிறது. தலையை லேசாக அசைத்தால் புள்ளி தெரிகிறது, நிறுத்தினால் மேலே ஒரு சாம்பல் நிறக் கறை. ன-வுக்கு இரண்டு சுழி, ண-வுக்கு மூன்று சுழி, உள்ளே பார்த்தால் இரண்டும் ஒரே சுருட்டல். எகரத்தை ஏகாரமாக்குகிற, கீழே உள்ள அந்தச் சின்ன இழுப்பு, ணி-யின் வளைவு, ணீ-யின் சுழிப்பு, எல்லாம் ஊகத்தில்தான் போகும். மலையாளத்தில் நம் புள்ளிக்குப் பதிலாக வருகிற சந்திரக்கலையும் கூட்டெழுத்தும் இன்னும் மோசம்.

ஆவணியில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. 500 பிரதி. கடையில் கூட்டம், மேசையில் இடமில்லை. வீட்டுக்குப் போய் இரவில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு புரூஃப் பார்த்தேன். பெயர்கள் சரி, முகூர்த்த நேரம் சரி, மண்டபம் சரி, அச்சுக்கு அனுப்பிவிட்டேன். பெண்ணின் தாய்மாமா வந்து ஒன்றும் பேசாமல் பத்திரிகையை மேசையில் வைத்து விரலால் தொட்டுக் காட்டினார். "மனமக்களை வாழ்த்தியருள". ஒரு சுழி போயிருந்தது. அது நான் தட்டும்போதே செய்த பிழை, ஹெட்செட் செய்ததில்லை. ஆனால் இருபது வருடமாகக் கண்ணில் குத்துகிற பிழை, அன்றைக்கு இரண்டு தடவை படித்தும் குத்தவில்லை. 500ஐயும் என் செலவில் திரும்ப அடித்துக் கொடுத்தேன். அதிலிருந்து புரூஃப் பார்ப்பது மானிட்டரில், அதுவும் முடிந்தால் தாளில்.

விலை கூடின ஹெட்செட்டில் இந்தப் பிரச்சினை குறையும். விஷன் புரோவில் இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 2.3 கோடி பிக்சல். டிகிரிக்கு சுமார் 34 என்று அதைக் கழற்றிப் பார்த்தவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். 2025 அக்டோபரில் சாம்சங் கொண்டு வந்த கேலக்ஸி எக்ஸ்ஆர் 1,799 டாலர், அதில் கண்ணுக்கு 3,552க்கு 3,840. இரண்டிலும் எழுத்து நன்றாகவே நிற்கும். ஆனால் இந்த விலையைப் பாருங்கள், அப்புறம் பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிற சாதா 24 அங்குல மானிட்டரைப் பாருங்கள். மூன்று லட்சம் ரூபாய் கொடுத்தும் அந்தப் பத்தாயிரம் ரூபாய்க் கூர்மைக்குக் கொஞ்சம் கீழேதான் நிற்கிறோம்.

அடுத்தது எடை. குவெஸ்ட் 3 எடை 515 கிராம். அரை கிலோதானே என்று தோன்றும். அரை கிலோ தக்காளியை ஒரு பையில் போட்டு நெற்றியில் கட்டிக்கொண்டு பேலன்ஸ் ஷீட் போட்டுப் பாருங்கள். விஷன் புரோ 600 கிராமுக்கு மேல், பேட்டரி தனியாக வயரில் தொங்கும், அது வேறு 353 கிராம். எடை முழுவதும் முகத்துக்கு முன்னால் இருப்பதால் பின்கழுத்து ஓயாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. பின்பக்கம் பேட்டரி வைத்த பட்டை போட்டால் சமநிலை வரும், ஆனால் மொத்த எடை இன்னும் ஏறும். 1968-ல் ஐவன் சதர்லேண்ட் செய்த முதல் தலைமாட்டித் திரையைக் கூரையிலிருந்தே தொங்கவிட்டிருந்தார்கள். எனக்கென்னவோ அதுதான் நேர்மையான வடிவமைப்பு என்று பல சாயங்காலம் தோன்றியிருக்கிறது.

ஜெர்மனியில் கோபுர்க் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2022-ல் இதைச் சோதித்தே பார்த்தார்கள். 16 பேர், ஒரு வாரம் மேசைக் கம்ப்யூட்டரில், ஒரு வாரம் குவெஸ்ட் 2 மாட்டிக்கொண்டு, நாளுக்கு 8 மணி நேரம். கண் சோர்வு ஏறத்தாழ பாதியளவு கூடியது, எரிச்சல் கூடியது, தங்கள் வேலைத்திறன் குறைந்ததாக அவர்களே மதிப்பிட்டார்கள். நாள் போகப் போகக் கொஞ்சம் பழகிற்று என்பதும் அதில் உண்டு. என் அனுபவம் அதுவேதான். முதல் வாரம் ஒரு மணி நேரத்தில் கழற்றி எறிந்தேன். மூன்றாம் மாதம் இரண்டரை மணி நேரம் வரை தாங்கினேன். அதற்கு மேல் என் கழுத்து ஒத்துக்கொள்ளவில்லை.

கண் வலிக்கு இன்னொரு காரணம் இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டால் பாதி குறையும். கைக்கெட்டும் பொருளைப் பார்க்கும்போது இரண்டு கண்ணும் உள்நோக்கித் திரும்பும், கண்ணுக்குள் இருக்கும் லென்ஸும் அந்தத் தூரத்துக்குக் குவியும். இரண்டும் சேர்ந்தே நடக்கிற வேலை. ஹெட்செட்டில் குவியும் தூரம் நிலையானது, குவெஸ்ட் வகையில் ஒரு மீட்டருக்குச் சற்று மேல். திரையை மூக்குக்குப் பக்கத்தில் இழுத்து வைத்தால் கண் திரும்புவது ஒரு தூரத்துக்கு, குவிவது இன்னொரு தூரத்துக்கு. மூளை இரண்டையும் ஒத்துப்போக வைக்கத் தவித்துத் தலைவலியைக் கொடுக்கும். அதனால் திரையை ஒன்று, ஒன்றரை மீட்டரில் நிறுத்துங்கள். கண் இடைவெளியைச் சரிசெய்கிற திருகு இருந்தால் முதலில் அதைத் திருப்புங்கள். கண்ணாடி போடுகிறவர் என்றால் அதற்கென்று பவர் லென்ஸ் செய்து மாட்டிக்கொள்வதுதான் நல்லது. மூக்குக்கண்ணாடியோடு மாட்டினால் இரண்டு கண்ணாடியிலும் கீறல் விழும்.

கீபோர்டைப் பற்றி வீடியோக்காரர்கள் பேசவே மாட்டார்கள். காற்றில் தெரிகிற கீபோர்டில் விரலால் குத்தி ஒரு பாஸ்வேர்டு போடலாம், ஒரு பத்திரம் தட்ட முடியாது. நிஜக் கீபோர்டு மடியில் வேண்டும். ஹெட்செட்டின் வெளிப்பக்கத்துக் கேமரா வழியாக அதைப் பார்க்கலாம், ஆனால் கட்டைகளில் உள்ள எழுத்து கலங்கித்தான் தெரியும். நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் இன்ஸ்டிடியூட்டில் தமிழ் டைப்ரைட்டிங் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்தவன். கீழே பார்க்காமல் தட்டுவேன், அதனால் பிழைத்தேன். விஆர் வேலைக்குத் தகுதி என்று ஏதாவது வைத்தால் முதலில் டைப்ரைட்டிங் ஹையர் சர்ட்டிபிகேட்டைத்தான் கேட்க வேண்டும். நீங்கள் பார்த்துத் தட்டுகிறவரா தம்பி? அப்படியென்றால் யோசிக்கவே வேண்டாம்.

கடையில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்ததில் வேறு சங்கடம். சிட்டா எடுக்க வந்த பெரியவர் ஒருவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "அண்ணாச்சிக்குக் கண் ஆபரேசன் ஆயிருக்கு போல, பெறகு வாரேன்" என்று திரும்பிப் போய்விட்டார். வீட்டில் அம்மா, "ஏய்யா, கண்ணைக் கட்டிக்கிட்டு சுவரோட என்ன பேசுதே?" என்பார். அவர் கொண்டுவந்து வைத்த காப்பியை இரண்டு முறை தட்டிவிட்டிருக்கிறேன். வெளியே நடப்பதைக் கேமரா காட்டத்தான் செய்கிறது, ஆனால் டம்ளர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதில் விரல் அளவு பிசகினாலும் சேதம்தான்.

இவ்வளவு குறை சொல்கிறேன், அப்புறம் ஏன் ஐந்து மாதம் வைத்திருந்தேன்? சில வேலைக்கு அது மாதிரி வேறொன்று கிடையாது. வீட்டு பிளான் போடுகிற நண்பர் ஒருவர் புனலூர்ப் பக்கத்து வாடிக்கையாளருக்கு முப்பரிமாணப் படத்தை இதில் போட்டுக் காட்டினார். பிளான் தாளில் மூன்று வாரமாகத் தலையாட்டிக்கொண்டிருந்த அந்தம்மா, ஹெட்செட்டை மாட்டிச் சமையலறை வாசலில் நின்ற நிமிடத்தில், "இந்த ஜன்னல் வழியா கிணறு தெரியலியே" என்றார். ஜன்னல் இடம் மாறியது. கட்டி முடித்து இடிக்க வேண்டியது மிச்சம். இப்படி அளவை உடம்பால் உணர வேண்டிய வேலைக்கு மானிட்டர் பக்கத்தில் வர முடியாது. அப்புறம், ஒரே அறையில் டிவி, குழந்தை, விருந்தாளி எல்லாம் இருக்கும்போது ஒரு மணி நேரம் கவனம் சிதறாமல் எழுத வேண்டுமென்றால் நல்ல தடுப்பு. வீடியோ எடிட்டிங்கில் காட்சியைப் பெரிதாக வைத்துப் பார்க்கவும் சுகம்.

ரயிலிலும் முயன்று பார்த்தேன், கொல்லம் போகிற வண்டியில். பகவதிபுரம் தாண்டி மலைக்குள் குகைப்பாதை வருமே, பெட்டியில் விளக்குப் போடவில்லை, இருட்டு கவிந்ததும் ஹெட்செட்டின் கேமராவுக்கு எதுவும் தெரியாமல் போய், என் திரையெல்லாம் எங்கேயோ மிதந்து போய்விட்டது. வெளியே வந்தபின் ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்து வைத்தேன். அதற்குள் பதிமூன்று கண் பாலம் கடந்துவிட்டது. அந்தப் பாதையில் போய்க்கொண்டு எக்செல் பார்த்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

இருட்டு என்றதும் நினைவுக்கு வருகிறது. சாரல் காலத்தில் ஆரியங்காவு கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்று புளியரைக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மரம் விழுந்தால் கரண்டு போகும். ஹெட்செட்டில் பேட்டரி இருக்கிறது, சுமார் இரண்டு மணி நேரம் தாங்கும். ஆனால் சிபியுவுக்கும் வைஃபை ரூட்டருக்கும் யுபிஎஸ் இல்லையென்றால் காட்ட எதுவும் இருக்காது. அறை இருண்டால் கையசைவையும் அது பிடிக்காது. ஈரத்துக்கு நுரைப்பட்டை நாறும், லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். கேமரா வைத்திருப்பவர்கள் போல மூடின டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், ஜன்னலோரம் வைக்கவே கூடாது. லென்ஸ் வழியே வெயில் உள்ளே விழுந்தால் பூதக்கண்ணாடியில் பஞ்சு எரிவது போல உள்ளிருக்கும் திரை பொசுங்கும். சில நிமிடம் போதும், மாற்ற வழியில்லை. பொருளை வெளிநாட்டிலிருந்து வரவழைத்திருந்தால் வாரண்டிக்கு அங்கேதான் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும்.

நடுவில் ஒரு வழி இருக்கிறது. எக்ஸ்ரீல் போன்றவர்கள் செய்கிற திரைக்கண்ணாடி. பார்ப்பதற்குத் தடித்த கூலிங்கிளாஸ் மாதிரி, எக்ஸ்ரீல் ஏர் 79 கிராம்தான். ஒயரை லேப்டாப்பில் குத்தினால் மானிட்டர் போல வேலை செய்யும். அதே 1,920 பிக்சல் அகலத் திரையை 46 டிகிரிக்குள் அடக்குவதால் எழுத்து மானிட்டர் அளவுக்குக் கூர்மையாக இருக்கும், புள்ளி தெரியும். ஓரங்களில் மங்கும், பகல் வெளிச்சத்தில் வெளிறும். அடிக்கடி பஸ்ஸில் போகிறவருக்குச் சரி. உங்களுக்குத் தேவை என்று நான் சொல்ல மாட்டேன்.

உங்கள் கேள்வியில் உண்மையான பிரச்சினை ஒரே ஒரு வரிதான்: மேசை போட இடமில்லை. அதற்கு மருந்து தச்சாசாரியிடம் இருக்கிறது. சுவரில் கீல் வைத்து மடக்கும் பலகை ஒன்று, இரண்டரை அடிக்கு ஒன்றரை அடி, வேலை முடிந்ததும் தொங்கவிட்டால் ஒரு சாண் இடம்கூட எடுக்காது. மானிட்டரைச் சுவரில் மாட்டுகிற கை ஒன்று வாங்கி, கண் மட்டத்தில் பூட்டிவிடுங்கள். வாங்கும்போது பின்பக்கம் நாலு திருகு ஓட்டை இருக்கிற மானிட்டராகப் பார்த்து வாங்குங்கள், சில மலிவு மாடல்களில் இருக்காது. சிபியுவுக்குப் பதில் புத்தகம் அளவில் வருகிற மினி பிசி. அதை மானிட்டருக்குப் பின்னாலேயே ஒட்டிவிடலாம். 16 ஜிபி மெமரி, எஸ்எஸ்டி இருந்தால் உங்கள் வேலைக்குத் தாராளம். பழைய டெஸ்க்டாப்பின் ஹார்டு டிஸ்கை எறியாதீர்கள். மதர்போர்டு போனதால் டேலி டேட்டா போகாது, யுஎஸ்பி டப்பாவில் போட்டுப் படித்துக்கொள்ளலாம். எல்லாம் சேர்த்து ஐம்பதாயிரத்துக்குள் முடித்து யுபிஎஸ்ஸும் வாங்கிவிடலாம்.

அப்படியும் ஆசை விடவில்லையென்றால் கடைக்கு வாருங்கள். நீங்களே தட்டின ஒரு தமிழ்ப் பக்கத்தைப் பென் டிரைவில் கொண்டுவந்து, மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் படித்துப் பாருங்கள். வழக்கமான எழுத்து அளவு, பெரிதாக்கக் கூடாது. காலையிலேயே வந்துவிடுங்கள். சாயங்காலம் பையன் எடுத்துப்போய் சார்ஜைத் தீர்த்திருப்பான், மறுபடியும் விளையாட ஆரம்பித்துவிட்டான்.